இரட்டிப்புச் சம்பளம், இரண்டு வாரப் பயிற்சி

இந்தோனேசியாவில் ஆசிரியரை 'குரு' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் குருமார்களுக்காக 2005ல் ஒரு சட்டம் வந்தது. நான்கு வருடப் பட்டம் படித்து, தகுதிச் சான்றிதழும் வாங்கிவிட்டால், அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான தொகை படியாகக் கிடைக்கும். அதாவது அடிப்படைச் சம்பளம் அப்படியே இரண்டு மடங்கு.

இதனால் பிள்ளைகளின் படிப்பு உயர்ந்ததா? கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் இதைச் சோதித்து 2018ல் கட்டுரை வெளியிட்டார்கள். 360 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் 120 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மட்டும் சான்றிதழ் வரிசையில் முன்னால் போக வழி செய்தார்கள். ஆசிரியர்களின் பணக்கவலை குறைந்தது; பள்ளிக்கு வெளியே வேறு வேலை பார்ப்பதும் குறைந்தது. ஆனால் மூன்று வருடம் கழித்தும் மாணவர்களின் மதிப்பெண்ணில் முன்னேற்றம் எதுவும் இல்லை.

ஆய்வு நேர்த்தியானது, அதில் சந்தேகமில்லை. என் சண்டை அதை மேற்கோள் காட்டுகிறவர்களோடுதான். "பாருங்க, வாத்தியாருக்குச் சம்பளம் கூட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல" என்று முடித்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் மட்டுமா வந்தது? சான்றிதழும் சேர்ந்தே வந்தது. இரண்டும் சேர்ந்தும் பலன் இல்லை என்றால், சம்பளத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, பயிற்சியைச் சத்தமில்லாமல் விடுதலை செய்வது என்ன நியாயம்?

அந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்பதுதான் விஷயமே. முதலில் போட்ட திட்டம் கடுமையானது: பாட அறிவுக்கும் கற்பிக்கும் திறனுக்கும் தேர்வு, தேறாதவர்களுக்கு நீண்ட பயிற்சி. அரசியல் பேரத்தில் இது கரைந்துபோனது. கடைசியில் மிஞ்சியது, பட்டம், அனுபவம், பாடத்திட்டக் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு கோப்பு. கோப்பு தேறவில்லையா, சுமார் இரண்டு வாரப் பயிற்சி. அவ்வளவுதான். இருபது வருடமாகக் கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்திப் பழகியவரை இரண்டு வாரத்தில் மாற்ற முடியும்னு யாராவது நிஜமாகவே நம்பியிருப்பார்களா?

இன்னொன்று. ஆய்வு அளந்தது ஏற்கனவே பணியில் இருந்தவர்களை. நல்ல சம்பளம் பார்த்து இனிமேல் இந்த வேலைக்கு வரப்போகிறவர்களைப் பற்றி இதில் எதுவும் சொல்ல முடியாது. கட்டுரையாளர்களே பணியில் இருப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெளிவாகச் சொல்கிறார்கள். மேற்கோளில் மட்டும் அந்த வரி காணாமல் போய்விடுகிறது.

எனவே இந்தோனேசியாவிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. சம்பளத்தைக் கூட்டுவது அரசுக்குச் சுலபம், அடுத்த மாதமே கணக்கில் ஏறும். பயிற்சியைச் சரிசெய்வது கஷ்டம், யாரையாவது "நீங்கள் தேறவில்லை" என்று சொல்ல வேண்டிவரும். சுலபமானதை முழுசாகவும் கஷ்டமானதைப் பேருக்கும் செய்தார்கள். பேருக்குச் செய்தது பலன் தரவில்லை என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?