தாயிருக்க அநாதைகள்!

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலே கல்வி வரலாறு படித்தோர் அனைவர்க்கும் ஆண்ட்ரூ பெல் என்னும் பெயர் பழக்கமானது. "சென்னை முறை" கண்ட செம்மல், ஏழைக்கு எழுத்தறிவித்த வள்ளல் என்றெல்லாம் எங்கட்கும் சொல்லித் தந்தார்கள். நாங்களும் தேர்விலே எழுதி மதிப்பெண் பெற்றோம். அவர் எழுதிய நூலைத் தேடிப் படிக்க வேண்டுமென்று அன்று எவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பள்ளியிலே பணியேற்ற பின்னரே அதனைப் படித்தேன். 1797-இல் இலண்டனில் வெளியான சிறு நூல் அது. "கல்வியில் ஒரு சோதனை" என்று தலைப்பைத் தமிழிலே சொல்லலாம். சென்னை ஆண் அநாதை விடுதியிலே நடந்த சோதனை அது.

நூலின் சிறப்பை முதலிலே சொல்லிவிடுவதுதான் முறை. பெல் நல்ல ஆசிரியர், ஐயமில்லை. 1787-இல் இந்நாட்டுக்கு வந்தவர், 1789-இல் எழும்பூரில் தொடங்கிய அவ்விடுதியின் கண்காணிப்பை ஏற்றார். அதற்கென்று ஊதியம் வேண்டாமென்றும் சொன்னார். (பட்டாளப் பாதிரியாக வேறு பல பதவிகளில் ஊதியம் வந்துகொண்டுதான் இருந்தது, அதையும் சொல்லிவிடுவோம்!) பிரம்பை நம்பாதவர். குற்றம் செய்த சிறுவனை உடன்பயிலும் சிறுவரே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும்படி ஏற்பாடு செய்தவர். வகுப்பறையில் நிற்கும் எவனும் இதைப் படித்துத் தலைதாழ்த்தத்தான் வேண்டும்.

சோதனை பிறந்த கதையையும் பெல் மறைக்கவில்லை. ஒருநாள் காலை, வழியிலே ஒரு "மலபார்" பள்ளியைக் காண்கிறார். அந்நாளில் சென்னை ஆங்கிலேயர் தமிழரை அப்படித்தான் அழைத்தனர். ஆகவே அது நம் திண்ணைப் பள்ளிக்கூடம்! மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகுகின்றனர் பிள்ளைகள். ஓடோடி வந்து தம் விடுதியிலும் அவ்வாறே செய்யச் சொல்கிறார். அங்கிருந்த ஆசிரியர் "ஆகாது" என்கிறார். உடனே, எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கென் என்பவனை அழைத்து, "நீ கற்பி" என்கிறார். சிப்பாய் ஒருவனின் மகன் அவன். ஆசிரியர் கைவிட்டதை அவன் செய்துகாட்டினான். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறை பிறந்துவிட்டதாம்! நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை கப்பலேறிச் சீமைக்குப் போன வரலாறு இதுதான்.

நிற்க. இந்தப் பிள்ளைகள் யார்? நூலின் புகழைப் பாடுவோர் விரைந்து கடந்துபோகும் கேள்வி இது.

கும்பினிப் படையிலே சேர்ந்து சென்னைக்கு வந்த வெள்ளைச் சிப்பாய்களின் மக்கள். சண்டையிலே செத்தவன், பேதியிலே செத்தவன், சாராயத்திலே செத்தவன், பட்டாளத்தோடு வேற்றூர் போனவன், இத்தகையோரின் மக்கள். தாய்மார்? பெரும்பாலோர் இந்நாட்டுப் பெண்டிர், அல்லது அத்தகைய பெண்டிரின் வயிற்றிலே பிறந்த பெண்டிர். தந்தை போனால் பிள்ளைக்கு "அநாதை" என்று பெயர். தாய் உயிரோடிருக்கிறாளே, பக்கத்துத் தெருவிலே இருக்கிறாளே, அவள் கணக்கிலே வரமாட்டாளா என்று கேட்டால், வரமாட்டாள்! அவளிடமிருந்து பிள்ளையை மீட்பதற்காகத்தானே விடுதி!

நான் மிகைப்படுத்தவில்லை. பெல் தம் மாணவர்களை முதலிலே கண்டபோது பிடிவாதக்காரர், பொய்யர், சூதுடையோர் என்று எண்ணியதாக அவரே சொல்கிறார். அதற்குக் காரணம் தாய்வழிச் சூழல் என்பது அவர் முடிபு. குழந்தையை அச்சூழலினின்று பிரித்தால் திருந்தும். அதுவே அவர் கொள்கை. எழுத்தறிவிக்கும் முறையைச் சோதனை செய்து பார்த்த அறிஞர் இதனைச் சோதித்துப் பார்த்தாரா? இல்லை. மணலை ஆராய்ந்தவர், மனிதரை ஆராயவில்லை. எந்த மக்களின் தெருவிலே தம் முறையைக் கண்டெடுத்தாரோ, அந்த மக்களிடம் பிள்ளை வளர்ந்தால் கெட்டுவிடும் என்கிறார்! இம்முரண் அவர் கண்ணிலே படவே இல்லை.

இக்கருத்து பெல் ஒருவருடையதன்று. அதுதான் இன்னும் கொடுமை. அதற்கு நூறாண்டுகட்கு முன், 1687-இல், இதே கும்பினியின் இயக்குநர்கள் சென்னைக் கோட்டைக்கு எழுதிய மடலைப் பாருங்கள். சிப்பாய்கள் இந்நாட்டுப் பெண்களை மணந்தால் நல்லது, ஊக்குவியுங்கள். பிறக்கும் குழந்தைக்கு ஞானத்தீக்கை தரும் நாளிலே தாய்க்கு ஒரு வராகன் கொடுங்கள் என்று எழுதினார்கள். ஆள் தேவைப்பட்டபோது தாய்க்கு வராகன்! ஆள் பெருகிவிட்ட பிறகு தாய்க்கு வசை!

பிள்ளைகட்கேனும் வாழ்வு கிடைத்ததா? வங்காளத்தில் பட்டாள அநாதைச் சங்கம் நடத்திய விடுதியிலே அதிகாரியின் பிள்ளைக்கு மேற்பள்ளி, சிப்பாயின் பிள்ளைக்குக் கீழ்ப்பள்ளி. அநாதையிலும் மேல் கீழ்! அந்த மேற்பள்ளிப் பிள்ளைகளும் படிப்புக்காக இங்கிலாந்து போகக் கூடாதென்று 1786-இல் தடை வந்தது. 1791-இல், தாய் தந்தையரில் ஒருவர் இந்நாட்டவராயின் கும்பினியின் உயர் பணிகளில் இடமில்லை என்றார்கள். 1795-இல், இருபுறமும் ஐரோப்பியர் வழிவராதவன் படையிலே பறை அடிக்கலாம், குழல் ஊதலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். துப்பாக்கி ஏந்தலாகாது என்றார்கள். எழும்பூரில் பெல் தம் புகழ்பெற்ற முறையால் எழுத்தும் கணக்கும் கற்பித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில்தாம் பின்னிரு தடைகளும் வந்தன. "நன்கு படி" என்று ஒரு கை சிலேட்டைத் தருகிறது. மற்றொரு கை கதவைச் சாத்துகிறது. இதைப் பற்றியன்றோ ஒரு கல்வி நூல் பேசியிருக்க வேண்டும்?

ஒரு சன்னல் மட்டும் திறந்தது. 1794-இல் மைக்கேல் டாப்பிங் சென்னையிலே நில அளவைப் பள்ளி தொடங்கினார். எட்டு மாணவர்கள், ஆண் அநாதை விடுதியிலிருந்து வந்தவர்கள். நாளடைவில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. கும்பினிக்கு நாடு அளக்க ஆள் வேண்டும். வெள்ளையனுக்குக் கொடுக்கும் கூலியைக் கொடுக்கவும் மனமில்லை. அதனால் கிடைத்த வாய்ப்பு எனினும், அந்த எண்மரின் அறிவுக்கு என் வணக்கம்.

"சோறிட்டார், உடையளித்தார், கல்வி தந்தார், தெருவிலே விட்டிருந்தால் செத்திருப்பர்" என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. பசியிலே வாடிய தாய்மார் சிலர் தாமே கொண்டுவந்து விட்டுமிருக்கலாம். ஆனால் என் கேள்வி வேறு. பிள்ளைக்கு அளந்த அரிசியிலே ஒரு பிடியைத் தாயின் வீட்டுக்கே அனுப்பியிருக்கக் கூடாதா? ஊரிலே இருந்த திண்ணைப் பள்ளிக்கு அவனை அனுப்பி, மாலையிலே தாயிடம் திரும்பச் செய்திருக்கக் கூடாதா? அது நடவாது, ஏனெனில் அவள் மொழியும் பழக்கமும் மகனிடம் ஒட்டக் கூடாது என்பதே திட்டம். தருமம் செய்த கை, தாயைத் தள்ளிய கையும் ஆகும். நண்பர் இதற்கு விடை சொல்லவில்லை, தேநீர் வரவழைத்தார்.

நூல் முழுவதிலும் தாய் ஒருத்தியின் பெயரைத் தேடினேன். ஃபிரிஸ்கெனின் பெயர் இருக்கிறது. ஆள் எண்ணிக்கை இருக்கிறது, வகுப்புப் பிரிவு இருக்கிறது, குற்றப் பதிவேடு எப்படி எழுதுவது என்பதும் இருக்கிறது. அவள் இல்லை. அந்நாளைய கிறித்தவக் கோயிற் பதிவேடுகளிலும் பலவிடத்துத் தந்தையின் பெயருக்கு அருகே "நாட்டுப் பெண்" என்று மட்டுமே காணப்படும். மகனை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்க விட்டார்களா? வாயிலிலே நின்று அழுதாளா? அடுத்த பட்டாளத்துச் சிப்பாயோடு போனாளா? அந்த அழுகைக்கு ஏட்டிலே இடம் ஒதுக்கப்படவில்லை.

பெல் 1796-இல் ஏறத்தாழ 25,000 பவுனோடு ஊர் திரும்பினார். 1832-இல் மறைந்தார், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். கல்விக்கென்று 1,20,000 பவுன் எழுதிவைத்தார். கவிஞர் சதேயும் அவர் மகனும் எழுதிய வாழ்க்கை வரலாறு மூன்று பாகங்கள்.

விடுதி இருந்த எழும்பூர்க் கொத்தளத்தின் இடத்திலேதான் 1908 முதல் இரயில் நிலையம் நிற்கிறது. தென் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வரும்போதெல்லாம் விடியலிலே அங்கேதான் இறங்குகிறேன். கைக்குழந்தையோடு தரையிலே படுத்திருக்கும் தாய்மாரைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும்.