அறிவின் எல்லையும் தாழ்மையும்: கிருட்டிணப் பிள்ளையின் பாடல் ஒன்றை முன்வைத்து

அண்மையில் ஜொகூர் பாருவில் தமிழாசிரியர் சிலரோடு கிறித்தவத் தமிழிலக்கியம் குறித்து உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. உலக ஞானத்தைப் பேதைமை என்று ஒதுக்கும் ஒரு மறையிலிருந்து புலமை இலக்கியம் எங்ஙனம் பிறக்கும் என அவர்களுள் ஒருவர் வினவினார். எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று அது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் தொடக்க இயல்கள் மனித ஞானத்தின்மீது கடுந்தீர்ப்பு வழங்குகின்றன என்பது உண்மையே. ஆயினும் அதனை எழுதியவர் கமாலியேலிடம் பயின்றவராகத் திருத்தூதர் பணிகள் காட்டும் கல்விமான். இம்மடலைக் கல்லாமைக்கு வழங்கிய சான்றிதழாகக் கொள்வோர் உளர். கிறித்தவக் காப்பியங்களின் அணிநலனை மட்டும் பாராட்டி, அவை பேசும் தாழ்மையைத் தொடாது செல்வோரும் உளர். இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது நம் கருத்து. அறிவும் தாழ்மையும் ஒன்றையொன்று விலக்குவன என இருவருமே கருதிவிடுகின்றனர்.

எச். ஏ. கிருட்டிணப் பிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகத்திற்கு மூலமான சான் பன்யனின் நூலையே இதற்குச் சான்றாகக் காட்டலாம். பன்யன் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி, பல்கலைக்கழகம் காணாதவர். 1678-இல் வெளிவந்த அவரது நூலின் முதற்பதிப்பில் உலக ஞானி என்னும் பாத்திரம் இல்லை. இரண்டாம் பதிப்பிலேயே அது சேர்க்கப்பட்டது. பயணியை வழிதவறச் செய்பவன் அவன். ஆனால் நூலின் இறுதியில் விண்ணக வாயில்வரை வந்தும் நரகத்திற்குத் தள்ளப்படுபவன் அவனல்லன். அறியாமை என்னும் பெயருடையவன். கல்லாத பன்யனே அறியாமைக்குச் சலுகை காட்டவில்லை என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

கிருட்டிணப் பிள்ளையோ கற்றவர். நெல்லைச் சீமையின் கரையிருப்பில், கம்பராமாயணத்தில் ஊறிய வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. இதன் பயனாக அவருக்குக் கிட்டிய 'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டம் அவருக்கு நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்தது எனலாம். அப்பட்டத்தோடு அணுகும் வாசகன் வருணனைகளைக் கம்பரோடு ஒப்பிட்டு, குறை கண்டு நூலை மூடிவிடுகிறான். யாத்திரிகத்தின் சில பகுதிகளில் புலமையின் பாரம் பொருளை அழுத்துகிறது என்பதை நாமும் மறுப்பதற்கில்லை.

ஆகவே காப்பியத்தை விடுத்து, தமிழ்த் திருச்சபைகளில் இன்றும் பாடப்பெறும் அவரது 'சத்தாய் நிஷ்களமாய்' என்னும் பாடலை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அதன் முதற்செய்யுளின் முன்னிரண்டடிகள் முழுவதும் தத்துவச் சொற்களால் ஆனவை. சத்து, சித்து, ஆனந்தம் என்பன வேதாந்தம் வளர்த்தவை. நிட்களம் சைவ ஆகமங்களில் பயில்வது. வைணவராகப் பிறந்த ஒருவர் சைவச் சொல்லை இத்துணை இயல்பாக எடுத்தாள்வது வியப்பிற்குரியது. இவை யாவும் திரித்துவம் என்னும் விளியில் வந்து முடிகின்றன. மூன்றாம் அடியில் குரல் மாறுகிறது. 'எத்தால்' என்று ஒரு வினா எழுகிறது. நாயடியேன் எதனால் கடைத்தேறுவேன் என்பதே அதன் பொருள். முன்னர்க் கூறிய சொற்களுள் எதனையும் புலவர் பொய்யென்று தள்ளவில்லை. அனைத்தையும் சொல்லி முடித்த பின்னரே வினவுகிறார். இறைவனுக்குப் பெயரிட அறிவால் இயலும். 'எத்தால்' என்னும் வினாவுக்கு விடை தர அதனால் இயலாது. அறிவின் எல்லை இவ்விடத்தில்தான் குறிக்கப்படுகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இறைவனுக்குச் சாமியம், அஃதாவது ஒப்பு, இல்லை என்று முதலடியே கூறிவிடுகிறது. ஏழாம் குறளை அறிந்தார்க்கு இது புதிதன்று. ஆயினும் உவமையையே தொழிற்கருவியாகக் கொண்ட காப்பியப் புலவர் இவ்வாறு சொல்வது தம் கருவியைத் தாமே கீழே வைப்பதற்கு ஒப்பாகும்.

தமிழ்ப் புலவர்க்குத் தன்னைத் தாழ்த்துதல் பழகிய மரபே. பாற்கடலை நக்கிக் குடிக்க முனைந்த பூனையாகத் தம்மைக் காட்டுகிறார் கம்பர். ஆனால் அவையடக்கத்தில் எதிரே கற்றோர் அவை இருக்கிறது. பணிவும் அதன் பாராட்டை நோக்கியதே. வள்ளுவரின் அடக்கமோ அடக்குவதற்கு ஏதேனும் உடையாரிடத்துச் சிறப்பது. கிருட்டிணப் பிள்ளையின் பாடலில் அவையும் இல்லை. அடக்கிக் காட்டுதற்கு உடைமையும் இல்லை. அதன் வேர் பக்திப் பாடல்களில் இருக்கிறது. 'உன்னையல்லால்' என்னும் முறையீடு சுந்தரரின் திருமழபாடிப் பதிகத்தை நினைவூட்டுகிறது. நாய் என்னும் தற்குறிப்பு திருவாசகம் பயின்றார்க்கு அணுக்கமானது. மத்தேயு 15-ஆம் இயலின் கானானியப் பெண்ணும் அதே உவமையை மறுக்காது ஏற்று, ஏற்றவாறே அருளை வேண்டிப் பெறுகிறாள். தமிழ்க் கிறித்தவர் செவியில் இவ்விரு குரல்களும் ஒருங்கே ஒலிக்கின்றன. 1960களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்த தனிநாயகம் அடிகள் தமிழைப் பக்தியின் மொழியெனக் குறித்ததன் பொருத்தம் இத்தகைய இடங்களில் விளங்கும்.

எனினும் இதனைப் பக்தி மரபின் மறுபதிப்பு என்று கூறிவிட இயலாது. பிலிப்பியர் மடலின் இரண்டாம் இயலில் தன்னைத் தாழ்த்துபவர் முதற்கண் கிறித்துவே. அடியவர் தாழ்மை அதனைப் பின்தொடர்வது. உயிரை ஈந்து காத்ததற்குக் கைம்மாறு உண்டோ எனப் பாடலின் பின்னொரு செய்யுள் வினவுவது இதனாலேயே. முதல் வினாவுக்கு விடை அறிவிலிருந்து வரவில்லை. இறைவன் செய்த ஒரு செயலிலிருந்து வருகிறது.

வகுப்பறையில் இப்பாடலைக் கற்பிப்போர்க்கு ஒரு சொல் இடர் தரும். 'பவம்' என்பதற்குப் பாவம் என்று பொருள் எழுதி நகர்வது எளிது, அவ்வழக்கும் உண்டு. ஆனால் பிறவி என்பது அச்சொல்லின் பெருவழக்கான பொருள். பிறிதொரு செய்யுளில் அதனைக் கடலாகவும் உருவகிக்கிறார் புலவர். பிறவிக்கடல் என்னும் பழைய தொடர் அங்கே தானாக வந்து நிற்கிறது. மறுபிறவியை ஏற்காத சமயத்தார் ஒருவர் இச்சொல்லை அறியாது ஆண்டார் எனக் கொள்ளவியலாது. இலக்கண சூடாமணி செய்தவர் அவர். பாவம், பிறவி என்னும் இரு பொருளையும் உரையில் தருவதா, ஒன்றைத் தேர்வதா என்பதில் ஜொகூர் பாருவில் அன்று உடன்பாடு ஏற்படவில்லை. இரண்டையும் தந்து, வேறுபாட்டை மாணவரிடமே வினவலாம் என்பது நம் பரிந்துரையாக இருந்தது. முதலில் வினவிய ஆசிரியர் அதனை ஏற்கவில்லை.