திரையில் வரும் ஹேக்கரும் உண்மை ஹேக்கரும்

2018 மே மாதம் வெளிவந்த 'இரும்புத்திரை' பயனுள்ள ஒரு காரியத்தைச் செய்தது. நம் சொந்த விவரங்கள் கைமாறி விற்பனையாவதையும், வங்கிக் கணக்கிலிருந்து பணம் மறைவதையும் பாமரருக்கும் புரியும்படி காட்டியது. அதற்காக இயக்குநர் மித்ரனைப் பாராட்டலாம். ஆனால் அர்ஜுன் ஏற்ற 'வைட் டெவில்' பாத்திரம்? நினைத்த மாத்திரத்தில் எதையும் திறக்கிறான். அவனிடமிருந்து எவரும் தப்ப இயலாது. பழைய மாயாஜாலப் படத்து மந்திரவாதிதான் இங்கே கணிப்பொறியுடன் வருகிறான்.

சினிமாதானே என்று ஒதுக்கிவிட முடியாது. 1983-ல் வந்த 'வார் கேம்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு சிறுவன் இராணுவக் கணிப்பொறிக்குள் நுழைகிறான். அதைப் பார்த்த அதிபர் ரீகன், இப்படி நடக்கக்கூடுமா என்று தம் தளபதியைக் கேட்டார். 1984-ல் கணிப்பொறிப் பாதுகாப்புக்கென அரசாணையே பிறந்தது.

சரி, உண்மையான ஹேக்கர் எப்படி வேலை செய்கிறார்? சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையாவின் 2019-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பைப் பார்ப்போம். கடவுச்சொல்லை மறந்தவருக்கு இன்ஸ்டாகிராம் ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பும். அது பத்து நிமிடமே செல்லும். ஆறு இலக்கத்தில் அமையக்கூடிய எண்கள் 10 லட்சம். ஒரே இணைய முகவரியிலிருந்து ஏராளமாக முயன்றால் தடுத்துவிடுவார்கள். அவரோ 1,000 முகவரிகளிலிருந்து, முகவரிக்கு 200 வீதம், 2 லட்சம் எண்களை அனுப்பிப் பார்த்தார், தடை விழவில்லை. அப்படியானால் 10 லட்சத்துக்கு எத்தனை முகவரிகள் வேண்டும்? 5,000. இதில் மந்திரம் எங்கே? பெருக்கலும் வகுத்தலும் பொறுமையும்தான்! குறையை அவர் ஃபேஸ்புக் நிறுவனத்துக்கே தெரிவித்தார். நிறுவனம் அதைச் சரிசெய்து, 30,000 டாலர் பரிசளித்தது.

நம் சட்டமும் இந்த வேறுபாட்டை உணர்ந்துள்ளது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு 'ஹேக்கிங்' என்பதையே குற்றத்தின் பெயராக வைத்திருந்தது. 2008-ல் திருத்தியபோது அச்சொல்லை நீக்கி, 'கணிப்பொறி தொடர்பான குற்றங்கள்' என்றாக்கினர். நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கம் இருக்க வேண்டும் என்றும் வைத்தனர். திரைப்படங்களும் செய்தித்தாள்களும் மட்டும் பழைய பொருளையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இதனால் விளையும் கேடு என்ன? எங்கள் நீலகிரியில் தேயிலை பறிக்கும் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவருடைய வங்கிப் பணத்தைக் குறிவைப்பவன் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை. "பேங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு முடங்கப் போகிறது" என்று பணிவாகச் சொல்லி, ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறான். சாவியை நாமே கொடுக்கிறோம். ஹேக்கர் என்றால் இருட்டறை மேதை என்று படத்தில் பார்த்துப் பழகியவருக்கு, பணிவாகப் பேசும் இவன்மேல் சந்தேகமே எழுவதில்லை. பணம் போன பிறகோ, "அவர்களை நம்மால் என்ன செய்ய முடியும்?" என்று சோர்ந்துவிடுகிறார்.

செய்ய முடிந்தது நிறைய உண்டு. ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். மாணவர்களே, அடுத்த முறை திரையில் ஹேக்கரைக் காணும்போது, "இதை எவ்வழியில் செய்தான்?" என்று கேளுங்கள். படம் விடை சொல்லாவிட்டால், அது விஞ்ஞானமல்ல, மாயாஜாலமே.