முதலாண்டு மாணவனும் நண்பர்குழுவின் சமத்துவமும்: இரு கல்லூரி இனவரைவியல் நூல்களை முன்வைத்து

முன்னுரை

கல்லூரி மாணவரின் அன்றாட வாழ்வு தமிழ்ச் சூழலில் பெரிதும் வினாநிரல் வழியாகவே ஆராயப்படுகிறது. மாணவர் யாரோடு உண்கின்றனர், யாரை எவ்வாறு விளிக்கின்றனர், யார் முன் பேசாதிருக்கின்றனர் என்பன அவ்வழியில் எளிதில் புலப்படுவதில்லை. உடனுறைந்து நோக்கும் இனவரைவியல் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. அவ்வகையில் மைக்கேல் மொஃபட்டின் ‘கமிங் ஆஃப் ஏஜ் இன் நியூ ஜெர்சி’ (1989), கான்ஸ்டன்டைன் நக்காசிஸின் ‘டூயிங் ஸ்டைல்’ (2016) ஆகிய நூல்கள் குறிப்பிடத்தக்கவை. முன்னது அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக விடுதியையும், பின்னது சென்னை, மதுரைக் கல்லூரிகளையும் களமாகக் கொண்டது. இவற்றை முதலாண்டு மாணவனின் இடத்திலிருந்து வாசிக்கும்போது, மாணவரிடையே நிலவும் சமத்துவம் எவ்வாறு உருவாகிறது என்னும் வினா முதன்மை பெறுகிறது.

மொஃபட்: நட்புறவு என்னும் நெறி

மொஃபட் தமிழாய்வாளர்களுக்குப் புதியவர் அல்லர். செங்கற்பட்டு மாவட்டச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து, சாதியமைப்பால் விலக்கப்பட்டோரும் அவ்வமைப்பின் படிநிலையைத் தமக்குள் மீளுருவாக்குகின்றனர் என 1979இல் வெளிவந்த நூலில் வாதிட்டவர். அக்கருத்து கடும் மறுப்புகளைச் சந்தித்தது. தாம் கற்பித்த பல்கலைக்கழகத்தின் மாணவரை அறிய, 1977இல் முதலாண்டு மாணவராகவே தம்மைக் காட்டிக்கொண்டு சில நாள் விடுதியில் தங்கினார். பின்னர் ஆய்வாளர் என்பதை வெளிப்படுத்தியே களப்பணியைத் தொடர்ந்தார்.

விடுதி வாழ்வை ஆளும் நெறியாக அவர் காண்பது நட்புறவு. எவரோடும் இயல்பாகப் பழகுவதே அங்கு நற்பண்பு. இந்நெறியின் மறுபக்கத்தை இனம் குறித்த இயல் காட்டுகிறது. ஒரே தளத்தில் வாழ்ந்த கறுப்பின மாணவர் ஒதுங்கியிருந்ததை, வெள்ளையின மாணவர் நட்பின்மை எனப் புரிந்துகொண்டனர். அனைவருக்கும் பொதுவானதாகத் தோன்றும் நெறி, அதற்குள் எளிதில் பொருந்தாதவரையே குற்றவாளியாக்குகிறது. நூலின் வலிமையான பகுதி இதுவே எனலாம்.

நக்காசிஸ்: ஸ்டைலும் அதன் எல்லையும்

நக்காசிஸ் ஆராய்வது ஸ்டைல் என்னும் வழக்கை. போலி வணிகப்பெயர் பொறித்த சட்டை, பேச்சில் கலக்கும் ஆங்கிலம், திரைநாயகரின் பாவனை ஆகிய மூன்றும் அவருடைய சான்றுகள். இவற்றை வெறும் போலச்செய்தலாக அவர் கொள்வதில்லை. சிறுவன் என்னும் நிலையைக் கடந்தும் பெரியவர் என்னும் மதிப்பை எட்டாத இளைஞர், தம்மைத் தனித்துக் காட்டும் முயற்சியாகவே விளக்குகிறார். அளவு மீறினால் நண்பர்குழு கேலியால் கீழிறக்கும். ‘ஓவர் சீன்’, ‘பீட்டர்’ என்னும் சொற்கள் அக்கண்டிப்பின் கருவிகள். ஆங்கிலத்தை விரும்பும் மாணவனே அதைப் பேச அஞ்சுவதன் காரணத்தை இவ்விளக்கம் தெளிவுறுத்துகிறது.

எனினும் ஸ்டைல் என்னும் கருத்தாக்கம், செய்பவரையே முன்னிறுத்துகிறது. முதலாண்டு மாணவனின் வாழ்வோ பெரிதும் செய்யாமையால் ஆனது. மூத்தவர் முன் சட்டைக் கையை மடிக்காமை, உரக்கச் சிரியாமை, ‘அண்ணா’ எனவோ ‘சார்’ எனவோ விளித்து விலகி நிற்றல் முதலியவற்றை ஸ்டைலின் இன்மையாக மட்டும் கொள்வது போதாது. அடக்கமும் காத்திருப்பும் கற்றுக்கொள்ளப்படும் செயல்களே.

‘எந்த ஊர்?’ என்னும் வினா

நண்பர்குழு உருவான பின்னர் ‘மச்சான்’, ‘மாப்பிள்ளை’ என்னும் விளிகள் சமத்துவத்தின் அடையாளங்களாக ஒலிக்கின்றன. உருவாவதற்கு முன் கேட்கப்படுவது ‘எந்த ஊர்?’ என்பது, அடுத்தது ‘ஊரில் எந்தத் தெரு?’ சாதியை நேரே கேளாமல் அறியும் வழி இது என்பதைத் தமிழ்ச் சூழலில் எவரும் அறிவர். விடை கூறத் தயங்குபவன், பொய் கூறுபவன், அறைத்தோழனை மாற்றிக்கொள்பவன் ஆகியோரின் முதற்சில வாரங்களே பின்னர் வரும் சமத்துவத்தின் எல்லையை வகுக்கின்றன. கொண்டாடப்படும் நெறியின் விலையை யார் செலுத்துகின்றனர் என்று மொஃபட்டின் இன இயல் எழுப்பும் வினாவை, ஸ்டைல் பற்றிய ஆய்வுடன் இணைத்தாலன்றி இவ்வெல்லை புலப்படாது.

இங்கு முறையியல் சிக்கலும் உண்டு. மொஃபட் மேற்கொண்ட மறைவேடம் அறநோக்கில் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆசிரியரே ஆய்வாளராகும்போது வேறொரு தடை எழுகிறது. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு பகடிவதைத் தடுப்புச் சட்டமும் பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இன்றியமையாதவை. ஆயின் விடுதியில் நிகழ்வதைக் கூறும் மாணவனின் சொல், ஆசிரியர் செவியில் தகவலாக அன்றிப் புகாராகவே விழுகிறது. எனவே வினாநிரலில் ‘எதுவுமில்லை’ எனக் குறித்துத் தன்னைக் காத்துக்கொள்கிறான். அவ்விடையைச் சிக்கலின்மைக்குச் சான்றாகக் கொள்வது பிழை.

முடிவுரை

மொஃபட்டின் நூல் நெறியின் மறுபக்கத்தையும், நக்காசிஸின் நூல் இளைஞரின் சொற்களுக்குள் இயங்கும் கண்டிப்பையும் காட்டுகின்றன. தமிழ்க் கல்லூரிகளை ஆராய முற்படுவோர் இரண்டையும் கற்க வேண்டும். ஆனால் ஆய்வு தொடங்க வேண்டிய இடம், ஸ்டைல் வெளிப்படும் மூன்றாமாண்டு வளாகம் அன்று; ஊர்ப்பெயரைக் கூறலாமா எனத் தயங்கும் முதலாண்டு மாணவனின் விடுதி அறையே.