எண் கட்டிவிட்டுப் புதையுங்கள்

திருவதிகையைத் தொட்டு ஓடும் கெடிலம் தேவனாம்பட்டினத்தருகே கடலில் கலக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்த முகத்துவாரத்துக் குப்பங்கள் முதல் கிள்ளை எம்.ஜி.ஆர். திட்டு வரை, கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழகக் கரையெங்கும் உடல்களை அள்ளி அவசரமாகப் புதைத்தார்கள். கொள்ளைநோய் வந்துவிடும் என்ற பயம். இயற்கைப் பேரிடரில் மாண்டவர் உடலால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2006 கையேடு தெளிவாகவே சொல்கிறது. அந்த வீண் பயம் பறித்தது அடையாளத்தை.

அதே அலையில் தாய்லாந்தில் மடிந்தவர்களை அடையாளம் காணப் பல நாட்டு நிபுணர்கள் மாதக்கணக்கில் உழைத்தார்கள். பேர் வாங்கியது டி.என்.ஏ.; ஆள் காட்டியவை பெரும்பாலும் பல்லும் கைரேகையும். ஆனால் ஒப்பிட ஒரு பழைய பதிவு வேண்டுமே? ஐரோப்பியப் பயணிக்கு ஊரில் பல் எக்ஸ்ரே இருந்தது. கடலூர்ச் சோனாங்குப்பத்து மீனவர் பல் டாக்டரிடம் எப்போது போனார்?

டி.என்.ஏ.யைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அதே அலையில் இலங்கையின் கல்முனையில் தப்பிய கைக்குழந்தையின் பெற்றோர் யார் என்பதை 2005 பிப்ரவரியில் உறுதிசெய்தது அதுதான். ஆனால் குடும்பமே போன வீட்டில் யாருடைய ரத்தத்தோடு ஒப்பிடுவது? மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும் ஊர்களில், தூரத்து உறவை வைத்துப் போடும் கணக்கும் குழம்பும்.

ஆதார் இருக்கிறதே என்பார்கள். ‘இந்த எண்ணுக்குரியவர் இவர்தானா’ என்று அது சொல்லும். ‘இந்த ரேகை யாருடையது’ என்று தேடித் தர அது அமைக்கப்படவில்லை. நீரில் ஊறிய விரலில் தோலும் கழன்றுவிடும்.

2024 வயநாடு நிலச்சரிவில் சாலியாறு உடல்களோடு உடல் பாகங்களையும் கொண்டுவந்து போட்டது. பாகங்களுக்கு டி.என்.ஏ. தவிர வழியில்லை. மாதிரி எடுத்து, எண் கொடுத்து, புத்துமலையில் தனித்தனிக் குழிகளில் அடக்கம் செய்தார்கள். பரிசோதனை முடிவு வர வர, எண்ணுக்குப் பெயர் கிடைத்தது. எனக்கு அந்த ஆய்வகத்தைவிட அந்த வரிசைமுறைதான் பெரிதாகத் தெரிகிறது.

நம் கரைக்கு முதலில் வேண்டியது அதுதான். நனைந்தாலும் அழியாத எண் அட்டை, முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த படம். பச்சை குத்திய பெயர், தாலியின் வடிவம், அரைஞாண், சட்டைக் காலரில் தையற்கடைச் சீட்டு, எந்தக் குழி என்பதெல்லாம் ஒரு நோட்டில். செலவு அதிகமில்லை. ஆனால் முதல் நாளே செய்யவேண்டும். அதைச் செய்யவேண்டிய கிராம நிர்வாக அலுவலரும் காவலரும் அன்று உயிரோடிருப்பவர்களைத் தேடி ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே இதற்கென்றே இரண்டு பேரை, புயல் சின்னம் உருவாகும் முன்பே, குப்பத்துக்குக் குப்பம் பழக்கி வைத்திருக்கவேண்டும்.