அண்டா அடுப்பின் தீ

பெங்களூரு ஒக்கலிபுரத்தின் நெருக்கமான தெருக்களில் அன்னதானத்துக்குச் சமைக்க, நடுவில் சீறும் ஹை பிரஷர் அடுப்பைவிட அகன்ற வளையமாய் நீலத் தீ எரியும் வார்ப்பிரும்பு பர்னரே மேல். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதன்பின் தீயைக் கூட்டினால் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். ஒரே இடத்தில் குத்தும் தீயில் பருப்பு அடிப்பிடிக்கும், அந்தத் தீய்ந்த வாடை அண்டா முழுக்க ஏறிவிடும். உலை சீக்கிரம் கொதிக்க வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான், அதற்கு உள்வளையம், வெளிவளையம் இரண்டையும் திறந்துவிட்டு, கொதித்ததும் ஒன்றை மூடிவிடலாம். காற்றில் தீ அலைந்தால் மூன்று பக்கம் தகரம் மறைத்தால் போதும். சிலிண்டர் மட்டும் மறைப்புக்கு வெளியே, நன்றாகத் தள்ளி நிற்கட்டும். தீ மஞ்சளானால் காற்றுத் துவாரத்தைத் திறந்துவிட வேண்டும்; இல்லையேல் அண்டாவின் அடியில் கரி அப்பும்.