போனஸ் கோட்டில் ஓர் இடது கால்

இப்போதெல்லாம் கபடி கேலரியில் ஒரே கூச்சல்தான்: "பயந்துட்டான்யா!" ஆறு பேர் நிற்கிறார்கள், போனஸ் கோடு காலியாகக் கிடக்கிறது, நம் ரெய்டரோ போக்குக் காட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார். முழங்கால் அறுவை சிகிச்சைக்கு முன்பு இதே ஆள் இடது காலை ஊன்றிப் புள்ளியை அள்ளிவருவார் என்பது வாஸ்தவம். ஆனால் அவரைக் கோழை என்பவர்கள் புள்ளி எடுத்தே ஆக வேண்டிய டூ ஆர் டை ரெய்டுகளைப் பார்ப்பதே இல்லையா?

போனஸுக்கு ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்ற, மறு கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். முழு எடையும் மடங்கிய ஒற்றை முழங்கால்மேல். அந்த நொடியில் கார்னர் தடுப்பாளர் கணுக்காலைப் பிடித்தால், ஊன்றிய பாதத்தின் மேலேயே உடம்பைத் திருகி நடுக்கோட்டுக்குப் பாய வேண்டும். மெனிஸ்கஸ் என்கிற பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிய இது போதும். அவருக்குக் கிழிந்ததும் இப்படித்தான்.

கிழிந்த துண்டை வெட்டிச் சீராக்கினால் பலர் ஒன்றரை மாதத்தில் களத்தில் இருப்பார்கள். தைத்தால் நான்கு முதல் ஆறு மாதம். முதலில் ஊன்றுகோல், பிறகு எடை தாங்கி ஆழமாகக் குந்தவே மாதக்கணக்கில் தடை. தையல் எல்லாக் கிழிசலுக்கும் ஆகாது. மெனிஸ்கஸுக்கு ரத்த ஓட்டம் வெளி விளிம்பில்தான். உள்பக்கம் ஆறுவது கடினம். தைத்தது மறுபடி பிரிவதும் உண்டு.

அப்படியும் நம் ஆள் தையலுக்கே சம்மதித்தார். எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் என்ற அறுவை மருத்துவர் 1883-லேயே செய்த காரியம்தான். ஆனாலும் வெகுகாலம் மெனிஸ்கஸை வெட்டி எடுப்பதே வழக்கமாக இருந்தது. அப்படி எடுத்த முழங்கால்களில் மூட்டு இடைவெளி குறுகுவதை எக்ஸ்ரே பார்த்து ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் எழுதியது 1948-ல். மெனிஸ்கஸ் போனால் பாரம் எலும்பு முனையைப் போர்த்திய குருத்தெலும்பில் இறங்கும். அதற்கு ரத்த நாளமே கிடையாது. தேய்ந்தால் பழையபடி வளராது. எலும்பில் நுண்துளை போடும் மைக்ரோஃபிராக்சரோ, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களோ என்று போனால் ஒரு சீசனே காலி.

ஆகவே நம் ரெய்டர் விடுவது எல்லா போனஸையும் அல்ல. கார்னர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது இடது காலை ஊன்றுவதை மட்டும்தான் தள்ளிப்போடுகிறார். வலது காலில் எடுக்கிறார். டூ ஆர் டை என்றால் இடது காலும் துணிந்து போகிறது. பயந்தவன் முதலில் கைவிடுவது அதைத்தானே?

எதிரணி கார்னர்கள் இப்போதே வலது காலுக்கு மட்டும் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். அதனாலேயே லீக் கட்டம் முடிவதற்குள் ஒரே ஆட்டத்தில் இரண்டு இடது கால் போனஸ் விழும், எழுதி வைத்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் அவரை நாற்பது நிமிடமும் ஓடவிடாமல், இரண்டாம் பாதியில் ஆறேழு ரெய்டுக்கு மட்டும் இறக்கினால் மூன்றாவதும் கிடைக்கும். அரையிறுதியில் கடைசி ரெய்டுக்கு அனுப்பப்படுவதும் அவரே.